கவுளி சொன்ன கலவை

நாமகிரிப்பேட்டை பஸ் நிறுத்தத்தில் இறங்கி, வீடு கட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தால் போதும். டீ ஆற்றுகிறவர் கையை எடுக்க மாட்டார். மோவாயைத் தூக்கிக் காட்டுவார். மோவாய் காட்டிய பக்கம் ஒரு கூட்டம் நிற்கும். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்களோ என்று சந்தேகம் வரும். அதெல்லாம் இல்லை. கூட்டத்தின் தலைக்கு மேலே போர்டு தொங்கும். 'கவுளி வாக்குக் காண்ட்ராக்டர் அப்புசாமி. அஸ்திவாரம் முதல் புதுமனைப் புகுவிழா வரை.'

நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டப் பழகியவன் நான். முழுதாக நான் படித்த முதல் போர்டு அதுதான். படிக்காதவர்கள் காதால் கேட்டு ஏமாந்தார்கள். நான் படித்துவிட்டு ஏமாந்தேன். எழுபத்தொன்பதாம் வருஷத்தில் கல்வியால் எனக்குக் கிடைத்த பயன் அவ்வளவுதான்.

பல்லியைத்தான் எங்கள் பக்கம் கவுளி என்போம். பேச்சுக்கு நடுவே சுவரில் அது ச்சிக் என்றால், பேசியது பலிக்கும் என்று தரையில் விரலால் மூன்று தட்டுத் தட்டுவோம். பெண் பார்க்க, கிணறு வெட்ட, மாடு வாங்க, எல்லாவற்றுக்கும் குலசாமி கோயிலில் போய் உட்கார்ந்து கவுளி வாக்குக் கேட்பது வழக்கம். ஆனால் கோயில் கவுளிக்கு ஒரு குறை உண்டு. அது நினைத்தால்தான் பேசும். பொழுது சாயும்வரை உட்கார்ந்தாலும் சில நாள் வாயே திறக்காது. இந்தக் குறையைத்தான் அப்புசாமி தீர்த்து வைத்தார். அவருடைய கவுளி ஆபீஸ் நேரத்தில் பேசும்.

கவுளி ஒரு பலாமரப் பெட்டிக்குள் இருந்தது. பெட்டிக்கு ஏழெட்டு ஓட்டை, ஒரு பூட்டு, மேலே மஞ்சள் துணி. திறந்து பார்க்கக் கூடாது. பார்த்தால் பார்த்த கண் போய்விடும். கண் போன யாரையும் நாங்கள் பார்த்ததில்லை. பெட்டியைத் திறக்கக் கேட்டவரையும் பார்த்ததில்லை. அதனால் அது உண்மைதான் என்று இருந்துவிட்டோம்.

அப்புசாமி பெட்டிக்கு மூன்றடி தள்ளி நிற்பார். வெள்ளை ஜிப்பா, நெற்றி நிறைய திருநீறு. வலது கையை ஜிப்பாப் பையில் விட்டு, கண்ணை மூடி, உதட்டை உள்ளே இழுத்துக்கொள்வார்.

"ஏனுங்க காண்ட்ராக்டரு, சமையக்கட்டுக்கு ஜன்னலு எந்தப் பக்கமுங்க வெக்கறது?" என்று கேட்டார் சின்னண்ணன் என்கிற ஒரு பண்ணையக்காரர். மஞ்சள் மூட்டை விற்ற கையோடு வந்திருந்தார்.

"என்னைக் கேட்டா? நான் வெறும் காண்ட்ராக்டருங்க. கவுளியக் கேளுங்க."

"கவுளிச் சாமி, கெழக்கால வெக்கலாமுங்களா?"

சத்தம் இல்லை.

"மேற்கால?"

சத்தம் இல்லை.

"அப்ப ஜன்னலே வேண்டாமுங்களா?"

'டிக்' என்றது பெட்டி.

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஜன்னல் இல்லாமல் கட்டினால் மரம் மிச்சம், கம்பி மிச்சம், ஆசாரி வேலை மிச்சம். யாருக்கு மிச்சம் என்று கேட்பது கவுளியைச் சந்தேகப்படுவது ஆகும். சின்னண்ணன் வீட்டுச் சமையலறை இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. ஒரே ஒரு வாசல், ஜன்னல் கிடையாது. வெளியே போக வழி கிடைக்காமல் புகை உள்ளேயே குடியிருக்கிறது.

கூட்டத்தில் ஒருவருக்கு மட்டும் ஒருமுறை ஒரு சந்தேகம் வந்தது. "ஊட்டுல கத்தற கவுளி ச்சிக்குனு கத்துது. இது டிக்குங்குதே?"

"சிமெண்டு தின்னு வளந்த கவுளிங்க. தொண்ட கெட்டிப்பட்டுப் போச்சு" என்றார் அப்புசாமி.

கேட்டவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. நமக்காக ஒரு சின்னப் பிராணி சிமெண்டைத் தின்கிறதே என்று.

நாங்கள் அவரிடம் வேலை பார்த்தவர்கள். கொத்தனார் மாரி, சித்தாள்கள் பொன்னாயி, மயிலம்மாள், சட்டிக்குக் கலவை அள்ளிப் போடும் நான். கட்டட வேலை நடக்கும் இடத்துக்கும் பெட்டி கூடவே வரும்; எங்களுக்கும் கவுளிதான் மேஸ்திரி. அப்புசாமி ஒரு சட்டம் வைத்திருந்தார்: கவுளி வாக்கு இல்லாமல் எடுக்கக் கூடாது, எடுத்ததை இறக்கவும் கூடாது. மாரி ஒரு நாள் நிலைக்கு மேலே வைக்கும் கல்லைத் தோளில் தூக்கிவிட்டான். தூக்க வாக்கு வந்தது. இறக்க வாக்கு வரவில்லை. அப்புசாமி அந்த நேரம் பார்த்துப் பீடிக்குத் தீப்பெட்டி தேடி இரண்டு கையாலும் மடியைத் தடவிக்கொண்டிருந்தார். பீடி பற்றி, புகை விட்டு, கை பைக்குள் போன பிறகுதான் கவுளிக்கு இரக்கம் வந்தது. மாரி கல்லைப் போட்டுவிட்டு, "கவுளிக்கும் பீடி வேணும்போல" என்றான். நாங்கள் சிரித்தோம். சிரித்தோமே தவிர, அதற்கு மேல் அந்தப் பேச்சை ஒரு அடி நகர்த்தவில்லை. அதற்கு மேல் நகர்த்தினால் மறுநாள் வேலை இருக்காது.

கலவையும் கவுளி கணக்கில்தான். எத்தனை தடவை டிக் என்கிறதோ, ஒரு சட்டி சிமெண்டுக்கு அத்தனை சட்டி மணல். பத்துக்குக் குறைந்து அது அடித்ததே இல்லை. ஒரு நாள் பதினாலு அடித்தது. பூச வேண்டிய சுவரைப் பார்த்து மாரி கும்பிட்டான்.

சின்னண்ணன் வீட்டு வாசலுக்கு மேலே போட்ட சன்ஷேடு ஒரு நாள் விழுந்தது. கீழே நின்றது மயிலம்மாள். தோள்பட்டை எலும்பு போயிற்று. ஆறு மாதம் ஆகியும் அவளால் கையைத் தூக்கித் தலைவார முடியவில்லை. அப்புசாமி வந்து பார்த்தார். மயிலம்மாள் இடது காலை முன்னே வைத்து வேலைக்கு வந்ததுதான் காரணம் என்று கவுளி சொன்னதாகச் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு இரண்டு வாரம் நாங்கள் வேலைக்குப் போகும்போது காலைப் பார்த்துப் பார்த்து நடந்தோம். தலைக்கு மேலே நிற்கும் சன்ஷேடுகளை ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சென்னிமலை வீட்டுக்கு வருகிறேன்.

மேட்டுக்காட்டுச் சென்னிமலைக்கு மூன்று ஏக்கர் மஞ்சள், ஒரு ஓட்டு வீடு. வீட்டில் ஒரே ஒரு குறை. மேற்குச் சுவரில் முழ நீளத்துக்கு ஒரு விரிசல். பக்கத்தில் குளிக்கிற தண்ணீர் தேங்கி அடி மண் இறங்கியிருந்தது. தண்ணீரைத் திருப்பிவிட்டுப் பூசினால் இரண்டு நாள் வேலை. மனுசர் அப்புசாமியிடம் போனார். கவுளி வீட்டையே பிரிக்கச் சொல்லிவிட்டது. விரிசலுக்கு வழி கேட்டுப் போனவர் வீடில்லாமல் திரும்பினார். போதாக்குறைக்கு, ஓடு வேண்டாம், தார்சு போடு என்றும் வாக்கு. அதாவது கம்பி கட்டி, கலவை ஊற்றி, தட்டையாகக் கூரை.

எட்டு மாதமாகக் குடும்பம் மாட்டுக் கொட்டகையில் இருந்தது. சென்னிமலை, அவர் மனைவி சௌந்திரம், இரண்டு பெண் பிள்ளைகள். சௌந்திரத்துக்கு மூன்றாவது பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. நல்ல வாய்க்காரி.

"மாடு வெளிய நனையுது, நாங்க உள்ள ஒழுகறதுல கெடக்கறோம். எங்களப் பாத்து மாட்டுக்கே பாவமா இருக்குது" என்பாள்.

"கம்முனு இரு. கவுளி கேட்டுட்டு இருக்கும்" என்பார் சென்னிமலை.

அந்தக் காலத்தில் சிமெண்டை நினைத்தவுடன் கடையில் வாங்க முடியாது. தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்துப் பர்மிட் வாங்க வேண்டும். சென்னிமலை பெயருக்கு அறுபது மூட்டை வந்தது. வந்த மூட்டைகளைக் கொட்டகை ஓரம் அடுக்கினோம். வாரத்துக்கு ஒரு முறை அப்புசாமியின் டயர் வண்டி வந்து ஏழெட்டு மூட்டையை ஏற்றிப் போகும். எங்கே என்றால் கவுளி முன்னால் வைத்துப் பூசை செய்ய. போன மூட்டை ஒன்றுகூடப் பூசை முடிந்து திரும்பவில்லை. மோட்சம் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டோம்.

தார்சு போடுவதற்கு முதல் நாள் மதியம், சோறு தின்ன உட்கார்ந்திருந்தோம். பொன்னாயி திடீரென்று என்னைப் பார்த்து, "அண்ணா, உன்ற கையக் காட்டு" என்றாள்.

காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தன் கையைக் காட்டினாள்.

"பாத்தியா? புதுப்பொண்ணு கையாட்ட இருக்குது. சிமெண்டு வேல பாக்கறவ கையா இது?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சிமெண்டு கலவை தொடர்ந்து அள்ளினால் விரல் நுனி வெந்து ஓட்டை ஓட்டையாகிவிடும். சோற்று ரசம் பட்டால் எரிச்சலில் உயிர் போகும். அப்புசாமியிடம் சேர்ந்ததிலிருந்து எங்கள் விரல்கள் ஆறி, தோல் மூடி, மழமழவென்று ஆகிவிட்டிருந்தன. நாங்கள் அதைக் கவுளியின் அருள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தோம்.

மோர்ச் சொம்போடு வந்த சௌந்திரம் நின்றுவிட்டாள். "ஏம் பொன்னாயி, என்ன கைய வெச்சு நாயம் ஓடுது?"

"சொன்னாத் தப்பா நெனைக்கக் கூடாதுங்க அம்மிணி. காண்ட்ராக்டரு ஆட்டையாம்பட்டியில ஊடு கட்டறாருங்க. அவரு சொந்த ஊடு. போன மாசம் பத்து நாளு என்னையும் மாரியையும் அங்க கூட்டிட்டுப் போனாரு. அங்க ஒரு சட்டி சிமெண்டு, ரெண்டு மணலு, நாலு ஜல்லி. வெரலெல்லாம் வெந்து சோத்தப் பெசைய முடியலீங்க. அங்க பொட்டியும் வல்ல, கவுளியும் வல்ல. இங்க வந்தா வெரலு பூவாட்ட ஆறிப்போச்சு. உங்க செவுத்துல இருக்கறது சிமெண்டு இல்லீங்க. சிமெண்டு பக்கத்துல படுத்து எந்திரிச்ச மணலு."

சௌந்திரம் சொம்பைக் கீழே வைத்தாள். கொட்டகை ஓரம் போய் மூட்டைகளை எண்ணிப் பார்த்துவிட்டு வந்தாள். பதினொன்று இருந்தது.

"நாளைக்குத் தார்சு போடறாங்க" என்றாள் மெதுவாக. "மாசம் திரும்பறதுக்குள்ள கைக்கொழந்தையோட நான் அதுக்கு அடியில படுக்கோணும். என்ற பொண்ணுக ரெண்டும் படுக்கோணும்."

எல்லோருக்கும் மயிலம்மாளின் தோள் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"எசமானருகிட்டச் சொல்லுங்க அம்மிணி" என்றாள் பொன்னாயி.

"மூட்டை எங்கன்னு அன்னிக்கே அவரக் கேட்டேன். கவுளியச் சந்தேகப்பட்டாக் கருவுக்கு ஆகாதுன்னு சொல்லிப்போட்டாரு. கருவு என்ற வயித்துல இருக்குது, பயம் அவருக்கு."

பொன்னாயி சோற்றைப் பிசைந்தபடியே கேட்டாள். "கவுளி பேசறப்ப காண்ட்ராக்டரு கை எங்கீங்க இருக்கும்?"

"ஜிப்பாப் பையில" என்றேன்.

"ரெண்டு கையும் வெளிய இருக்கறப்ப, ஒருக்காலாச்சும் கவுளி பேசிக் கேட்டிருக்கறீங்களா?"

யோசித்தோம். யோசித்துப் பழக்கம் இல்லாததால் கொஞ்சம் நேரம் பிடித்தது. மாரிக்குத்தான் முதலில் முகம் மாறியது. கல்லைத் தோளில் வைத்துக்கொண்டு பீடிப் புகையைப் பார்த்து நின்றவன் அல்லவா?

சௌந்திரம் எட்டு மாதத்தில் முதல்முறையாகச் சிரித்தாள். "அப்ப அந்த ரெண்டு கைக்கும் நாளைக்கு ஒரு வேல குடுத்துப்போடலாம்."

மறுநாள் மேட்டுக்காடே அங்கே வந்துவிட்டது. தார்சு போடுவதென்றால் அப்போது தேர் இழுப்பது போல. சுற்று வட்டாரத்தில் முக்கால்வாசிப் பேர் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அண்டா அண்டாவாகச் சோறு வெந்தது. சின்னண்ணன் முதல் வரிசையில் கும்பிட்டபடி நின்றார். அவர் வீட்டு சன்ஷேடு விழுந்தும் அவர் பக்தி விழவில்லை.

அப்புசாமி வந்தார். பெட்டியை முக்காலியில் வைத்தார். கை பைக்குள் போயிற்று. "தார்சுக்குக் கலவை எத்தனைங்க சாமி?"

டிக், டிக், டிக் என்று தொடங்கி அது பாட்டுக்குப் போயிற்று. பதினாறு.

"ஒண்ணுக்குப் பதினாறு!" என்று கூட்டம் குதூகலித்தது. பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழச் சொல்கிறதாம் கவுளி. கலவைக்கும் கல்யாண வாழ்த்துக்கும் வித்தியாசம் தெரியாத கூட்டம் அது.

முதல் கலவை குழைத்தாயிற்று. சௌந்திரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். எல்லோருக்கும் கேட்கிறாற்போல் சொன்னாள்.

"ஏனுங்க காண்ட்ராக்டரு, மொதச் சட்டி உங்க தலையில ஏறோணுமுங்க. உங்க கையால மாரிக்குக் குடுக்கோணும். மொதச் சட்டி எடுத்தவரு பேர தார்சு மேலயே எழுதிப்போடலாம்னு இருக்கறேன். அழியாம நிக்குமுங்க."

"நெம்பச் செரி!" என்றது கூட்டம். "காண்ட்ராக்டரு கைராசி!"

அப்புசாமி தயங்கினார். ஆனால் சிமெண்டில் பெயர் எழுதுகிறார்கள் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? கை பைக்குள் போனது. "நான் சட்டி எடுக்கலாமுங்களா சாமி?"

டிக்.

புகழ் என்றால் கவுளிக்கும் பிடிக்கும்.

சட்டி நிரப்புவது என் வேலை. அன்றைக்குக் கொஞ்சம் பாசத்தோடு நிரப்பினேன். நானும் பொன்னாயியும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து அவர் தலையில் ஏற்றினோம். எங்கள் சித்தாள்கள் அதை ஒரு கையால் பிடிப்பார்கள். ஏணியில் ஏறும்போது அந்தக் கையையும் எடுத்துவிடுவார்கள். அப்புசாமிக்கு இரண்டு கை போதவில்லை. மூன்றாவது கை இருக்கிறதா என்று தேடுகிறவர் போல ஆடிக்கொண்டு பத்தடி நடந்து ஏணிக்கு அடியில் வந்தார். மாரி மேலே இருந்து குனிந்து கை நீட்டினான்.

பொன்னாயி நடுவில் புகுந்தாள். "பொறுங்க, பொறுங்க! எறக்கறதுக்கு வாக்குக் கேக்கோணுமில்லீங்களா?"

மாரி கையை இழுத்துக்கொண்டான்.

பொன்னாயி பெட்டி முன்னால் போய் நின்று கும்பிட்டாள். "கவுளிச் சாமி, காண்ட்ராக்டரு சட்டிய எறக்கலாமுங்களா?"

பெட்டி பேசவில்லை.

"இன்னொருக்காக் கேளு புள்ள" என்றார் சென்னிமலை.

கேட்டாள். பெட்டி பேசவில்லை. சின்னண்ணன் கேட்டார். ஊரே சேர்ந்து கேட்டது. சோற்று அண்டா கொதிக்கிற சத்தம்தான் கேட்டது.

"பரவால்ல, வாங்கு மாரி" என்றார் அப்புசாமி. கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"அதெப்படீங்க?" சின்னண்ணன் பதறிப்போனார். "வாக்கு இல்லாம எறக்குனா ஊடு ஆகாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க!"

"நாந்தான் சொல்றேன், எறக்குங்க!"

"நீங்க சொன்னாச் செல்லாதுங்க. நீங்க வெறும் காண்ட்ராக்டரு."

சட்டி ஆடியது. அது விழுந்து வீட்டுக்குக் கெடுதல் வந்துவிடக் கூடாது என்று பக்தர்கள் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். ஆளுக்கு ஒரு பக்கமாக நின்று, சட்டி அவர் தலையைவிட்டு நகராதபடி கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். அவர் கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள். இத்தனை விசுவாசமான ஆட்களை அப்புசாமி எட்டு வருஷம் பாடுபட்டு உண்டாக்கியிருந்தார்.

கலவைத் தண்ணீர் வழிந்து திருநீற்றைக் கரைத்துக்கொண்டு இறங்கியது.

அப்போது, 'ட்ச்' என்று ஒரு சத்தம்.

"வந்துருச்சு!" என்றார் சென்னிமலை.

"பொட்டியில இருந்து வல்லீங்க" என்றான் மாரி மேலே இருந்து. "மீசைக்குக் கீழ இருந்து வந்துச்சு."

எல்லோரும் அப்புசாமியின் வாயைப் பார்த்தார்கள். இன்னொரு 'ட்ச்' பாதியிலேயே நின்றுபோனது.

"கையை உடுங்கடா! ஒரே ஒரு கையை! பைக்குள்ள உட்டுக்கறேன்!"

"இந்த நேரத்துல பைக்குள்ள என்னங்க வேல?" என்றாள் சௌந்திரம்.

"கவுளி மனசு வெக்கட்டுமுங்க. கொஞ்சம் தாங்குங்க" என்றார் சின்னண்ணன். சோறு வெந்ததும் பார்க்கலாம் என்று யாரோ சொன்னார்கள்.

அதன் பிறகுதான் அந்தச் சத்தம் வந்தது. கவுளி வாக்கு இல்லை. அப்புசாமியின் வாக்கு. அவர் வாழ்நாளில் சொன்ன முதல் உண்மை என்று நினைக்கிறேன்.

"அடேய்! என்ற பையில தவளை இருக்குது! அத எடுத்து அமுக்கித் தொலைங்கடா!"

பொன்னாயி ஜிப்பாப் பையில் கையை விட்டாள். கட்டை விரல் நீளத்துக்கு ஒரு தகரத் தவளை வந்தது. பச்சைப் பெயிண்ட் போய்த் துரு ஏறியிருந்தது. திருச்செங்கோட்டுத் தேர்க்கடையில் பிள்ளைகளுக்கு வாங்கித் தருவோமே, வயிற்றை அமுக்கினால் சத்தம் போடுமே, அதேதான். நாங்கள் அத்தனை பேரும் தேருக்குப் போனவர்கள்தான். வாங்கிக் கொடுத்துவிட்டு வீடு வரும்வரை அந்தச் சத்தத்தைக் கேட்டுக் காது புளித்தவர்கள்தான்.

பொன்னாயி அமுக்கினாள்.

டிக்.

"வாக்கு வந்துருச்சு! எறக்குங்க, எறக்குங்க!" என்று சின்னண்ணன் கத்தினார்.

சட்டியைப் பிடித்திருந்த இருவரும் கையை விட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சட்டி அப்படியே கவிழ்ந்தது. அப்புசாமி தலை முதல் ஜிப்பா நுனிவரை தார்சு ஆகிவிட்டார்.

தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்தவரிடம் பொன்னாயி குனிந்து கேட்டாள். "எங்கீங்க எரியுது?"

"எங்கயும் எரியல" என்றார் ஏதோ ஞாபகத்தில்.

"கேட்டுக்குங்க!" பொன்னாயி நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தாள். "தலையில ஒரு சட்டி ஊத்தியிருக்குது. தோலு செவக்கலே. கண்ணு எரியலே. இதுல சிமெண்டு எங்கீங்க இருக்குது? ஆட்டையாம்பட்டியில அவரு ஊட்டுக் கலவைய இப்புடி ஊத்துனா மனுசன் இந்நேரம் குதிச்சிருப்பாரு. கவுளி அங்க மட்டும் ஒண்ணு, ரெண்டு, நாலுன்னு ஏனுங்க சொல்லுச்சு?"

சென்னிமலை பெட்டியைத் தூக்கித் தரையில் அடித்தார். ஊர் கண்ணைப் பொத்திக்கொண்டது. கண் போய்விடுமே! நான் பார்த்தேன். கண் இருக்கிறது. பெட்டிக்குள் காய்ந்துபோன ஒரு வால் மட்டும் கிடந்தது. என்றைக்கோ பிடித்து அடைத்த கவுளி, வாலை அங்கேயே போட்டுவிட்டு ஓட்டை வழியாகத் தப்பிவிட்டது. அந்தக் காண்ட்ராக்டில் சம்பந்தப்பட்டவர்களில் புத்தியுள்ள உயிர் அது ஒன்றுதான்.

சென்னிமலை மனைவியின் முகத்தைப் பார்க்காமல், "இப்ப என்ன பண்றது?" என்றார்.

"ஆரக் கேக்கறீங்க? கவுளியையா?" என்றாள் சௌந்திரம். "வண்டியப் பூட்டச் சொல்லுங்க."

மூன்று வண்டி ஆட்டையாம்பட்டிக்குப் போயிற்று. அப்புசாமியும் முதல் வண்டியில் வந்தார். வரவில்லை என்று சொல்லும் நிலைமையில் அவர் இல்லை. அவர் புது வீட்டு முன்னறையில் மூட்டைகள் அடுக்கியிருந்தன. ஜன்னல்கள் பெரிது பெரிதாக நாலு பக்கமும் வைத்திருந்தார். நல்ல காற்று. நாற்பத்திரண்டு மூட்டையை ஏற்றி வந்தோம். மீதி ஏழில் இரண்டு சென்னிமலை வீட்டுச் சுவருக்கு, ஐந்து அவர் சுவருக்குள் போயிருந்தது. அதைப் பெயர்க்க மாரி கடப்பாரை கேட்டான்; சென்னிமலைதான் வேண்டாம் என்றார். அந்தச் சுவரைப் பெயர்ப்பது சுலபம் இல்லை என்று அவருக்கும் தெரிந்துவிட்டது.

மேட்டுக்காடு திரும்பியதும் சௌந்திரம் தன் வீட்டு மேற்குப் பக்கத்துச் சுவரைக் கையால் தள்ளச் சொன்னாள். மாரி தள்ளினான். விழுந்தது. மற்ற மூன்றையும் தள்ளிவிட்டு, நாலு சுவரையும் மறுபடி கட்டினோம். பிறகுதான் தார்சு போட்டோம். ஒன்று, இரண்டு, நாலு. மாலைக்குள் என் பத்து விரலும் வெந்துவிட்டன. பொன்னாயி ரசத்தில் கை வைத்து 'ஆத்தாடி' என்று அலறினாள். அலறிவிட்டுச் சிரித்தாள். எரிச்சலில் அப்படி ஒரு சந்தோஷம் உண்டென்று எனக்கு அதற்கு முன்னால் தெரியாது. இருபத்தோரு நாள் கழித்து அடியில் முட்டுக்கொடுத்த பலகைகளைப் பிரித்தோம். மாரி மேலே ஏறிக் குதித்துக் காட்டினான். தூசிகூட உதிரவில்லை. சௌந்திரம் பன்னிரண்டு நாள் குழந்தையோடு உள்ளே போய், பாயை விரித்து, நட்டநடுவில் படுத்தாள்.

இத்தோடு கதை முடிந்தது, எல்லோரும் திருந்திவிட்டார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான்.

அடுத்த மாதம் நாமகிரிப்பேட்டையில் அதே இடத்தில் ஒரு மேஸ்திரி கடை போட்டார். பள்ளிபாளையத்துக்காரர், மருதாசலம் என்று பெயர். கையில் ரசமட்டம், தூக்குக்குண்டு, காதில் பென்சில். பழைய கூட்டம் வந்து நின்றது. சின்னண்ணன் முன்னால் போய்ப் பணிவாகக் கேட்டார்.

"உங்களுக்கு என்ன பிராணிங்க?"

"பிராணியா? எனக்கு எதுக்குங்க பிராணி? கலவையச் செரியாப் போட்டா ஊடு நிக்கும்."

சின்னண்ணன் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இவருகிட்ட ஒண்ணுமில்ல, வாங்க போலாம்" என்றார். பாதிப் பேர் அவர் பின்னால் போனார்கள்.

போனவர்களுக்காகத்தான் இதை எழுத்துக் கூட்டி எழுதுகிறேன். பொன்னாயி நாள் முழுதும் தலையில் சட்டி சுமக்கிறவள். சுமந்துகொண்டே யோசித்தாள். உங்கள் தலையில் சட்டியும் இல்லை, சும்மாடும் இல்லை. காலியாகத்தானே வைத்திருக்கிறீர்கள் ஐயா, அதைக் கொஞ்சம் உபயோகித்தால் என்ன?